பற்றுதலும் ஒப்படைத்தலும்

பிட்காயின் வாலட்டில் இருப்பு பூஜ்யமாகத் தெரிவதற்கு, பரிவர்த்தனைப் பேரேட்டின் படியை வைத்துச் சரிபார்க்கும் கணினியாகிய நோட் அண்மைப் பதிவுகளை இன்னும் பெற்று முடிக்காததே பெரும்பாலும் காரணமாதலால், பொறுத்திருந்தால் தொகை தெரியும். பணத்தைத் திறக்கும் சாவியையும் அதை மீட்கும் சொற்களையும் இழந்தவருக்கோ, பேரேட்டில் இருப்பு நின்றாலும் எடுக்க வழியில்லை. இங்கே எழும், காப்பது யார் பொறுப்பு என்னும் கேள்வி, ஆண்டாள் அவதரித்த ஸ்ரீவில்லிபுத்தூரின் வைணவத்துக்குப் புதிதன்று: உயிரை, தாயைத் தானே பற்றும் குரங்குக் குட்டியாகக் காண்பது வடகலை, தாய் கவ்விச் செல்லும் பூனைக் குட்டியாகக் காண்பது தென்கலை. சாவியைத் தாமே காப்பவர் முன்னதையும், வர்த்தகத் தளத்திடம் விடுபவர் பின்னதையும் ஒப்பர். ஆயினும் 2024 ஜூலையில் வசிர்எக்ஸ் தளத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் களவுபோனதை நோக்கினால், ராஜபாளையத்து ஆலைத் தொழிலாளி சேமிப்பை ஒப்படைக்கும் தளமும் தவறக்கூடியதே. முழுச் சரணாகதி தவறாத ஒருவனுக்கே உரியது, மனிதர் நடத்தும் அமைப்புகளிடம் விழிப்பே அறமாகும்.