கித்தா

டோல் நெரிசல் தணியட்டும் என்று ஜுருவில் ஒரு கடையில் உட்கார்ந்தோம். வானொலியில் ‘சென்யூம்லா குவாலா லும்பூர்’. ஆலிகேட்ஸ் இசைக்குழுவின் பாட்டு. பாஸ் கிதார் துள்ளத் துள்ள, என் கால் தானாகத் தாளம் போட்டது.

“நம்ம ஆளுங்க. பினாங்குக்காரங்க. டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம், அண்ணன் தம்பி” என்றேன் மருமகனிடம், தமிழில்.

பக்கத்து மேசையில் கெராங் சிப்பி உடைத்துக்கொண்டிருந்த மலாய்ப் பெரியவர், தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: “ஓராங் கித்தா.” நம்ம ஆள்.

மூன்று வாரமாக அந்தக் ‘கித்தா’ என்னை விடவில்லை.

மலாயில் ‘காமி’ என்றால் நாங்கள். ‘கித்தா’ என்றால் நாம், கேட்பவனும் அதில் உண்டு. உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று தமிழ்ப்பள்ளி ஆசிரியர் சொல்லிக்கொடுத்ததும் இதைத்தான். அப்போது மண்டையில் ஏறவில்லை. எங்களுக்குத் தெரிந்த கித்தா வேறு. விடியுமுன் அப்பா பால் வெட்டப் போன ரப்பர் மரம். காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அந்தக் கித்தாக் காட்டு லயத்தில்தான் என் அண்ணன் ஆறுமுகம் சகோதரர்களைப் பார்த்து ஆஃப்ரோ முடி வளர்த்தான். “தூக்கணாங்குருவி கூடு கட்டிரும்டா” என்பார் அப்பா. அந்த முடி அமெரிக்கக் கறுப்பின மக்களுடையது. முதல் அடியை ஓங்கி அடிக்கும் ஃபங்க் இசை, ஜேம்ஸ் பிரவுன் போன்றவர்கள் கொடுத்தது. பாட்டு மலாய். பெயர் ஆறுமுகம். இதில் ‘நம்ம’ என்பது எது? அண்ணனுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. சீப்பு கிடைப்பதுதான் அவன் கவலை.

2007இல் நுரையீரல் புற்றுநோயில் லோகநாதன் போனபோது, அண்ணனின் மலாய் நண்பர் ஒருவர் போனில் துக்கம் விசாரித்தார், எங்கள் வீட்டிலேயே சாவு விழுந்ததுபோல. அது அன்புதான். ஆனால் யாருடைய துக்கத்தை யார் விசாரிப்பது? அந்த நண்பருக்கும் லோகநாதன் அவருடைய பாடகர்தானே?

இதைச் சொல்ல எனக்கும் யோக்கியதை இல்லை. இலக்கணப்படி ‘நம்ம’வும் கேட்பவனைச் சேர்க்கிற சொல்தான். நான் அதைச் சொன்னபோது பக்கத்து மேசையைச் சேர்த்துச் சொல்லவில்லை. பெரியவருக்குத் தமிழ் புரிந்து பதில் சொன்னாரா, திருத்தினாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா? பேச்சை வளர்த்திருக்கலாம். நெரிசல் குறைந்தது, எழுந்து வந்துவிட்டேன்.

மலாய் நன்றாகத் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்: முகம் பார்க்காமல் சொன்ன ‘கித்தா’வில் பக்கத்து மேசைக்காரனும் உண்டா?