மனிதனை நிறுக்கும் தராசு

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் ‘பேர்’ என்னும் சொல்லுக்குத் தனிப் பொருள் ஒன்று உண்டு. தாய் தந்தையர் சூட்டிய பெயரன்று அது. ஒரு நாள் உழைப்புக்காகச் செக்ரோலில் விழும் பதிவு. பறித்த கொழுந்து தராசில் குறித்த நிறையை எட்டினால் ஒரு பேர், எட்டாவிட்டால் அரைப்பேர். மனிதனுடைய பெயரும் அவனுடைய கூலியும் இங்கே ஒரே சொல்லாகிவிட்டன. இதன் கொடுமையை ஒரு மூதாட்டியின் வாய்மொழியிலிருந்தே நான் உணர்ந்தேன்.

ஹட்டனை அடுத்த தோட்டமொன்றில் நான் ஆசிரியனாக இருந்தபோது, கெட்டிக்கார மாணவி ஒருத்தி வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கு வராதிருந்தாள். காரணமறிய லயத்துக்குச் சென்றேன். தாயும் தந்தையும் மலைக்குப் போயிருந்தனர். காம்பராவின் வாசலில் அவளுடைய பாட்டி அமர்ந்திருந்தார். இரு கண்களிலும் பார்வை இல்லை. கண்ணின் உள்ளழுத்தம் கூடிப் பார்வை நரம்பைச் சிதைக்கும் நோய் அவருக்கு. தொடக்கத்திலேயே வைத்தியம் செய்திருந்தால் எஞ்சிய பார்வையைக் காத்திருக்கலாம். ஆனால், ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேர் போய்விடுமே என்று நாளைக் கடத்தியிருக்கிறார்.

“பார்வை போய் எத்தனை வருஷம் பாட்டி?” என்று கேட்டேன்.

“பேர் இல்லாமப் போயி எட்டு வருஷமாச்சுங்க ஐயா” என்றார்.

கண்ணை இழந்த கணக்கை அவர் சொல்லவில்லை. பேரை இழந்த கணக்கையே சொன்னார். அன்று முதல் ஒரு கேள்வி என்னை விட்டகலவில்லை. ஊனம் உடலில் இருக்கிறதா, அன்றி உடலை நிறுக்கும் தராசில் இருக்கிறதா?

இக்கேள்வியோடு பார்வையின்மை பற்றிய நூல்களை நாடினேன். பிரெஞ்சு அறிஞர் தீதரோ 1749இல் பார்வையற்றோரைப் பற்றிக் கடித வடிவில் ஒரு நூல் எழுதினார். அதில் வரும் பார்வையற்ற மனிதரிடம், கண் கிடைத்தால் மகிழ்வீரா என்று கேட்கிறார்கள். கண்ணைவிட நீண்ட கைகளையே தாம் விரும்புவதாக அவர் விடையிறுக்கிறார். உலகை அறிவதற்குத் தமக்குரிய வழியொன்று அவரிடம் இருந்தது. நம் பாட்டியும் அத்தகையவரே; விரல் நுனியால் தொட்டு முற்றலையும் தளிரையும் பிரித்துச் சொல்வார். அந்த அறிவைத் தராசு நிறுப்பதில்லை. தீதரோவின் நூலை அன்றைய அதிகாரமும் பொறுக்கவில்லை. அது வெளிவந்த ஆண்டிலேயே அவர் வின்சென் கோட்டையில் சிறை வைக்கப்பட்டார்.

ஹெலன் கெல்லரை நாம் அனைவரும் அறிவோம். 1903இல் வெளிவந்த அவருடைய வாழ்க்கைக் கதையை விடாமுயற்சிக்கு உதாரணமாக மாணவர்க்குச் சொல்கிறோம். அவர் 1909இல் அமெரிக்க சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்ததை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். பார்வையிழப்பின் காரணங்களை ஆராயப் புகுந்த அவர், வறுமையும் பாதுகாப்பற்ற தொழிற்சாலைகளும் தொழிலாளரின் கண்களைப் பறிப்பதைக் கண்டார். அக்காட்சியே அவரை அரசியலுக்கு இட்டுச் சென்றது. முன்னர் அவரை வானளாவப் புகழ்ந்த ஒரு பத்திரிகை ஆசிரியர், அவர் சோஷலிஸ்ட் என்றறிந்ததும் அவருடைய கருத்துகள் அவரது குறைபாட்டின் விளைவு என்று எழுதினார்! ஊனமுற்றவர் நன்றி சொல்லும்வரை அதிசயப் பிறவி. கேள்வி கேட்டால் குறைப் பிறவி. இரக்கத்தின் உண்மை முகம் இதுதான்.

செவிப்புலனற்றோரின் வரலாறு இன்னொரு பாடத்தைத் தருகிறது. 1880இல் மிலான் நகரில் கூடிய மாநாடு, அவர்களுடைய பள்ளிகளிலிருந்து சைகை மொழியை விலக்கி வாய்ப்பேச்சையே புகுத்தவேண்டும் எனத் தீர்மானித்தது. தீர்மானித்தவர்களோ ஏறக்குறைய அனைவரும் காது கேட்பவர்கள். 130 ஆண்டுகளுக்குப் பின், 2010இல் வன்கூவரில் கூடிய மாநாடே அத்தீர்மானத்தை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது.

மலையக மக்களுக்கு இக்கதை புதியதன்று. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என ஒதுக்கி வைத்தது. பங்கிடப்பட்ட எவரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேளாமலே தீர்மானிக்கப்படுவதன் வலியை நம்மைப்போல் அறிந்தவர் யார்? அத்தகைய நாமே நம் லயத்தில் வளரும் செவிப்புலனற்ற பிள்ளையை ‘ஊமை’ என்றழைத்து, அப்பிள்ளையின் சொந்தப் பெயரை மறந்துவிடுகிறோமே! துரையின் தராசு நம் கைக்கும் வந்துவிட்டது என்பதன்றி இதற்கு வேறு என்ன பொருள்?

இலங்கையில் செவிப்புலனற்றோருக்கும் பார்வையற்றோருக்குமான பள்ளி 1912இலேயே மேரி சப்மன் என்ற மிஷனரிப் பெண்மணியால் தொடங்கப்பட்டது. அது இரத்மலானையில் நடைபெறுகிறது. யாழ்ப்பாணத்துக் கைதடியில் நவீல்ட் பள்ளி உண்டு. ஆனால், நுவரெலியா மலைச்சரிவில் பிறந்த பிள்ளைக்கு ஒன்று கடலோரத்தில், மற்றொன்று வடகோடியில். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், ஊனத்தைக் காரணங்காட்டிக் கல்வியையோ வேலையையோ மறுக்கலாகாது என்கிறது. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை 2016இல் இலங்கை உறுதிப்படுத்தியது. சட்டம் கொழும்பில் பிறந்துவிட்டது. அது மலையேறி லயத்து வாசலுக்கு வரவேண்டும்.

“லயத்துச் சனங்கள் எவரையும் தெருவில் விட்டதில்லை, கண்ணில்லாதவருக்கும் ஒரு பிடி சோறு உண்டு, இதைவிட எந்தச் சட்டம் பெரியது?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அந்த அன்பை நான் நேரில் கண்டவன். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆயினும், அந்த அன்பின் செலவை யார் தாங்குகிறார்கள்? அரைப்பேர் வாங்கும் குடும்பம் தாங்குகிறது. பாட்டியைப் பீலிக்கரைக்குக் கைபிடித்து அழைத்துச் செல்ல, பத்து வயதுச் சிறுமி தன் படிப்பை விலையாகக் கொடுக்கிறாள். சமுதாயம் செலுத்த வேண்டிய கடனை ஏழையின் பாசம் செலுத்திக்கொண்டிருக்கிறது. அன்பு வேண்டாம் என்பதல்ல என் வாதம். அன்பைக் காட்டி உரிமையை மறுக்கலாகாது என்பதே.

நான் மட்டும் குற்றமற்றவனா? அச்சிறுமியின் பெயருக்கு நேரே, பள்ளி வரவுப் பதிவேட்டில், “வரவில்லை” என்று மாதக்கணக்கில் குறியிட்டவன் நான்தான். லயத்துக்குப் போகும்வரை, ஏன் வரவில்லை என்று ஒருநாளும் எழுதியதில்லை. அதுவும் ஒரு செக்ரோல்தானே?

லூயி பிரெயில் ஒரு சேணத் தொழிலாளியின் மகன்; மூன்று வயதில் தந்தையின் ஊசி பட்டுக் கண்ணிழந்தவர். தம் போன்றோருக்கான புள்ளி எழுத்தை 1829இல் அவரே வெளியிட்டார். பார்வையுள்ளோர் ஆக்கித் தந்த எழுத்துகளைவிட அதுவே நிலைத்தது. மலையகத்தின் ஊனமுற்றோர் வரலாறும் அவ்வாறே அவர்கள் வாயிலிருந்து வரவேண்டும். ஆசிரியர்களும் மாணவர்களும் லயங்களுக்குச் சென்று அதைக் கேட்டு எழுதலாம். என்ன வேலை செய்தீர், எப்போது இழந்தீர், எது கிடைத்திருந்தால் இழந்திருக்க மாட்டீர் என்று கேட்கலாம். கேட்பதற்கு முன் அவர்களுடைய பெயரைக் கேட்போம். தராசு தராத அந்தப் பெயரைச் சொல்லி அவர்களை அழைப்போம்.