முருகன் இருக்கும்போது லைஃப் கோச் எதுக்கு?

ஓம் சரவணபவ!

ஒரு தம்பி கேட்ட கேள்வியை அப்படியே வைக்கிறேன். உங்களில் பலருக்கும் இது மனசுக்குள்ள இருக்கும்.

"அண்ணா, ஒரு லைஃப் கோச் கிட்ட சேரலாம்னு இருக்கேன். மூணு மாசம், வாரம் ஒரு தடவை வீடியோ கால்ல பேசுவாங்களாம். வேலை, தூக்கம், கோபம் எல்லாமே தாறுமாறா கிடக்கு. ஆனா அம்மா, 'தினமும் கவசம் சொல்றியே, முருகன் பாத்துக்க மாட்டானா, காசு குடுத்து இன்னொரு ஆள் வேணுமா'ன்னு கேக்கறாங்க. எனக்கும் உறுத்துது. இது நம்பிக்கைக் குறைவா அண்ணா?"

இல்லை தம்பி. அம்மா கேட்டதும் தப்பில்லை. ஆனா இதுக்குப் பதில் திருச்செந்தூர்லயே இருக்கு.

குமரகுருபரர் வரலாறு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஸ்ரீவைகுண்டத்துப் பிள்ளை. ஐந்து வயசு வரைக்கும் பேச்சு வரவில்லை. பெற்றோர் திருச்செந்தூருக்குத் தூக்கிக்கொண்டு போய் செந்திலாண்டவன் சந்நிதியில் கிடந்தார்கள். பேசாத குழந்தைக்கு வாய் திறந்தது. கந்தர் கலிவெண்பா பிறந்தது. இந்தப் பாதிக் கதையைத்தான் நாம எல்லாரும் ஃபார்வர்டு பண்றோம். மீதிக் கதையை அதிகம் யாரும் சொல்றதில்லை.

அவர் வளர்ந்தார், ஊர் ஊராகப் பாடினார். மதுரையில் திருமலை நாயக்கர் முன்னால் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் அரங்கேறியபோது அம்மையே குழந்தையாக வந்து கேட்டாள் என்பார்கள். அப்படிப்பட்டவர் ஒரு குருவைத் தேடி அலைந்தார். யோசிச்சுப் பாருங்க. முருகனே நேரா வந்து பேச்சு கொடுத்த ஆளுக்கு, இன்னொரு மனுஷன் எதுக்கு? ஆனா அவரைத் தேட விட்டதே முருகன்தான். எவர் முன்னால் உன் வாக்கு தடைப்பட்டு நிற்கிறதோ அவரே உன் குரு என்று செந்தூரான் உணர்த்தியதாக வரலாறு.

தருமபுரம் வந்தார். அங்கே மாசிலாமணி தேசிகர். அவர் உபதேசம் எதுவும் செய்யவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். தில்லையில் நடராசரைக் கண்டபோது சுந்தரர் இருந்த நிலையைச் சொல்லும் பெரியபுராணப் பாட்டு ஒன்று. அதன் அனுபவப் பொருள் என்ன? பதவுரை குமரகுருபரருக்குத் தெரியும். அனுபவத்தைக் கேட்டதும் வாய் அடைத்துப்போனது. முருகன் கொடுத்த வாக்கு அங்கே நின்றது. அப்படியே காலில் விழுந்தார்.

எனக்கு இந்த வரலாற்றில் ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். அடையாளமா முருகன் சொன்னது ஜடாமுடியும் இல்லை, கூட்டமும் இல்லை. உன்னைப் பேச்சிழக்க வைக்கிற ஒரு கேள்வி.

இப்ப கோச் விஷயத்துக்கு வருவோம். கோச்னா முதல்ல வண்டி. ஹங்கேரி நாட்டில் கோச் என்ற கிராமத்தில் செய்த குதிரை வண்டியிலிருந்து வந்த சொல் இது. 19ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், பரீட்சையைத் தாண்ட வைக்கிற வாத்தியாரைக் கேலியா 'வண்டி'ன்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. (பெரம்பூர்க்காரங்களுக்குச் சொல்லவே வேணாம், ஐ.சி.எஃப்.னா ரயில் பெட்டிதான். உலக அளவுல கோச்சுகளுக்குச் சான்றிதழ் தர்ற சங்கத்துக்கும் அதே சுருக்கப் பெயர்!) வண்டி நம்மை ஏத்திக்கிட்டுப் போகும். எந்த ஊருக்குன்னு நாமதான் சொல்லணும்.

நல்ல கோச் செய்யறது என்ன? பெரும்பாலும் கேள்விதான். கார் பந்தய வீரரா இருந்த ஜான் விட்மோர் 1992ல் எழுதின ஒரு புத்தகம் இந்தத் தொழில்ல ரொம்பப் பிரபலம். அதுல இருக்கிற வழி எளிமையானது. உனக்கு என்ன வேணும்? இப்ப நிஜமா எங்க நிக்கிற? என்னென்ன வழி இருக்கு? அதுல எதை, எப்போ செய்யப் போற? அவ்வளவுதான்.

இதுல ரெண்டாவது கேள்விதான் கழுத்தைப் பிடிக்கும். "காலைல 5 மணிக்கு எழுந்து கவசம் சொல்லிட்டுப் படிக்கணும்"னு நீங்க சொல்வீங்க. "சரி, நேத்து ராத்திரி 1 மணிக்குக் கைல என்ன இருந்துச்சு?"ன்னு எதிர்ல இருக்கிறவர் கேப்பார். வாய் அடைச்சுப் போகும் பாருங்க. நாம முருகன்கிட்ட மணிக்கணக்கா பேசுவோம். அவன் அமைதியா கேட்டுக்கிட்டே இருக்கான். அந்த அமைதியில நம்ம சௌகரியத்துக்குத் தகுந்த பதிலை நாமே எழுதிக்கிறோம். சக மனுஷன் கேக்கும்போது அது முடியாது.

நம்ம அனுபவத்துலயே ஒண்ணு சொல்றேன். 48 நாள் மாலை போடறோம். சிகரெட் நிக்குது, கெட்ட வார்த்தை நிக்குது, விடியற்காலை பச்சைத் தண்ணில குளிக்கிறோம். மாலையைக் கழட்டின மறுநாள் பல பேருக்கு எல்லாம் திரும்ப வந்துடுது. ஏன்? முருகன் 49ஆவது நாள் போயிட்டானா? இல்லை. மாலை போட்டிருந்தப்போ வீடும் தெருவும் டீக்கடையும் 'சாமி'ன்னு கூப்பிட்டு நம்மைப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. குருசாமி கேள்வி கேப்பார். மாலையைக் கழட்டினதும் கேக்க ஆள் இல்லை. அந்தக் கேக்கிற ஆள் வேலையைத்தான் கோச் காசு வாங்கிக்கிட்டு செய்யறார். இதுல பக்திக்கு ஒரு குறையும் இல்லை. காசு இல்லையா? பாதயாத்திரை கூட்டிட்டுப் போற பெரியவர், கண்டிப்பான ஒரு அக்கா, வாராவாரம் ஞாயித்துக்கிழமை போன் பண்ணி 'செஞ்சியா'ன்னு கேக்கிற ஒரு நண்பன் போதும். கூச்சப்படாம கேட்டுப் பாருங்க.

ஆனா தம்பி, கண்ணை மூடிக்கிட்டுப் போகாதே. நம்ம நாட்டுல டாக்டருக்கும் வக்கீலுக்கும் இருக்கிற மாதிரி கோச்சுக்கு அரசு உரிமம் எதுவும் கிடையாது. நாளைக்கே யாரும் போர்டு மாட்டலாம். மேலே சொன்ன சங்கத்தோட முதல் படி சான்றிதழுக்கே 60 மணி நேரப் பயிற்சி, 100 மணி நேரம் ஆட்களோட பேசின அனுபவம் கேக்கறாங்க. அதையாவது விசாரி. '21 நாள்ல வாழ்க்கையையே மாத்திக் காட்டறேன், கேரண்டி'ன்னு சொன்னா விலகிடு. உன் கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொல்லிக்கிட்டு, தன் பெருமையையே பேசிக்கிட்டிருந்தாலும் விலகிடு. தன்னை குருன்னு கூப்பிடச் சொன்னா, செருப்பைத் தேடு! அவர் வண்டி. நம்ம ஞானகுரு சுவாமிமலையில இருக்கான்.

இன்னொண்ணு, ரொம்ப முக்கியம். வாரக்கணக்கா தூக்கமே இல்லை, எதுலயும் மனசு ஒட்டல, வாழவே பிடிக்கலன்னு தோணுதுன்னா அது கோச் வேலை இல்லை. மனநல மருத்துவரைப் பாக்கணும். 14416 மத்திய அரசோட டெலி மானஸ் எண், இலவசம், தமிழ்லயே பேசலாம். அந்த போனை எடுக்க வைக்கிறதும் முருகன்தான்னு நினைச்சுக்கோ.

தருமபுரத்துக்குத் திரும்புவோம். காலில் விழுந்த குமரகுருபரர் உடனே துறவு கேட்டார். தேசிகர் கொடுக்கவில்லை. முதலில் காசிக்குப் போய் வா என்றார். காசி அன்று போகவும் வரவும் எத்தனை காலம் ஆகும்! அவ்வளவு நாள் குருவைப் பிரிந்திருக்க இவருக்கு மனசு தாங்கவில்லை. அதைப் பார்த்த குரு, அப்படியானால் சிதம்பரத்தில் போய்த் தங்கு என்று மாற்றினார். கட்டளை கைவிடப்படவில்லை, ஆளின் சக்திக்குத் தகுந்த அளவுக்குச் சுருங்கியது. போகும் வழியில் வைத்தீஸ்வரன்கோயிலில் முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழ் பாடினார். குரு பாடச் சொன்னதாகத் தெரியவில்லை. நடக்க ஆரம்பித்ததும் வந்தது.

'தினமும் 5 மணிக்கு எழுந்திருப்பேன்'னு நீ சொன்னா, நல்ல கோச் 'இந்த வாரம் 6:30க்கு எழுந்திரு, போனை ஹால்ல வெச்சுட்டுப் படு'ன்னு குறைச்சுக் குடுப்பார். அதை அவமானமா எடுத்துக்காதே. அது உன்னோட சிதம்பரம்.

குமரகுருபரர் பிறகு காசிக்கும் போனார், அங்கே மடம் கண்டார். ஒருமுறை குருவைப் பார்க்க ஆசையோடு தருமபுரம் திரும்பி வந்தார். வந்தவரை 'இங்கேயே என்னோடு இரு' என்று தேசிகர் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. மறுபடியும் காசிக்கே அனுப்பி வைத்தார்.

மூணு மாசம் முடியறப்போ, "போதும் தம்பி, இனி நீங்களே பாத்துக்கலாம்"னு அனுப்பி வைப்பாரா, இல்லை "அடுத்த பேக்கேஜ்"னு ஆரம்பிப்பாரா? இதை முதல் நாளே அவர்கிட்ட கேட்டுடு. அம்மாவுக்கு இந்தக் கதையைப் படிச்சுக் காட்டு.

வேலும் மயிலும் துணை.
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!