முடிவுக்குப் பின் வரும் கேள்வி

அனந்தபுரத்திலிருந்து மீனம்பாக்கம் செல்வோர், திண்டிவனம் கடந்து, மதுராந்தகம் ஏரியைக் கண்டவாறே போவர். வளைகுடாவுக்குப் பிள்ளைகளை வழியனுப்பச் செல்லும் குடும்பங்கள் எத்தனையோ முறை அந்நீர்ப்பரப்பைக் கண்டிருக்கும். ஏரியால் உண்டு, விமானத்தால் பிழைக்கும் நம் போன்றோருக்குப் பரந்தூர் வழக்கில் ஒரு பக்கம் சாய்ந்து பேசுவது எளிதன்று.

2022 ஆகஸ்டில், சென்னையின் இரண்டாம் விமான நிலையத்துக்குக் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பரந்தூர் தெரிவாயிற்று. ஏறத்தாழ 5,700 ஏக்கர் நிலம். ஆண்டுக்கு 10 கோடிப் பயணிகள் என்பது நோக்கம். மீனம்பாக்கத்தின் நெருக்கடி மெய்யானதே. வீடுகளும் குன்றுகளும் அடையாறும் சூழ்ந்த அந்நிலையம் விரிவதற்கு இடமேது?

ஆயினும் தெரிவான நிலத்தில் ஏரிகளும் நன்செய்களும் அடங்கியுள்ளன. பாலாற்று நீரைக் கொணரும் கம்பன் கால்வாய் அதனூடே சென்று, ஏரி ஏரியாக நிரப்பித் திருப்பெரும்புதூரை அடைகிறது. ஒன்றின் மிகைநீர் மற்றொன்றுக்கு என்பது நம் முன்னோர் வகுத்த ஏற்பாடு. இடையில் ஒன்றைத் தூர்த்தால் கீழுள்ளதும் வாடும். பெருமழையிலோ, இடமிழந்த நீர் ஊருக்குள் புகும். மீனம்பாக்கத்திலேயே இரண்டாம் ஓடுபாதையை அடையாற்றின்மேல் பாலமிட்டு நீட்டினர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நிலையம் சில நாள் மூடப்பட்டு, அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் பறக்க நேர்ந்தது. நீரைக் கணக்கில் சேர்க்காத பொருளாதாரம், பொருளாதாரம் என்ற அளவிலும் தோற்றுப்போகிறது.

என்னை உறுத்துவது வேறொன்று. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, இத்தகைய திட்டங்களில் மக்கள் கருத்தைக் கேட்கச் சொல்கிறது. ஆனால் இடம் முதலில் அறிவிக்கப்பட்டது. ஆய்வு பின்னால் வந்தது. நிக்காஹ் முடிந்தபின் மணமகளிடம் சம்மதம் கேட்பதை எந்த ஜமாஅத் ஏற்கும்? ‘வேண்டாம்’ என்ற விடைக்கு இடமளிக்காத கேள்வியைக் கேள்வி என்று கொள்ளலாமா? ஏகனாபுரம் கிராம சபை பன்முறை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு கொள்கை அளவில் ஒப்புதலும் வழங்கிவிட்டது.

இழப்பீடு உண்டே என்பர். பட்டாதாரருக்கு உண்டுதான். ஏரிக்கரையில் ஆடு மேய்ப்பவன், நாற்று நடும் கூலிப்பெண் ஆகியோர் எந்தப் பத்திரத்தில் இருக்கின்றனர்?

பரந்தூரோடு பரிசீலிக்கப்பட்ட பன்னூர் முதலிய இடங்களின் நிறைகுறைகளை, ஏரிக்கணக்கோடு எளிய தமிழில் அச்சிட்டு, அவ்வூர்களின் ஆலமரத்தடியில் முதலிலேயே படித்துக்காட்டியிருக்கலாம். அதன் பிறகு கேட்டிருந்தால், ஏகனாபுரத்தார் சொல்லியிருக்கக்கூடிய ‘வேண்டாம்’ என்பதையும் நாம் எடைபோட வேண்டியிருந்திருக்கும். அவர்கள் ‘சரி’ என்றிருந்தால், அதை மனக்கூச்சமின்றி ஏற்றிருக்கலாம்.