காலத்தால் வாங்கிய கடன்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு ஒரு பழைய நிலை தேடி அங்கே போயிருந்தேன். ஒரு கடையின் பின்கட்டில் தேக்குத் தூண் ஒன்று தரையில் கிடந்தது. இடித்த வீட்டிலிருந்து வந்ததாம். வீடு மண்ணாகிவிட்டது, தூணில் ஒரு விரிசல்கூட இல்லை.

"எத்தனை வருஷம் இருக்குங்க?" என்று கேட்டேன்.

"வீட்டுக்குக் கேக்குறீங்களா, மரத்துக்குக் கேக்குறீங்களா?" என்றார் கடைக்காரர்.

அந்தக் கேள்வி என்னோடு ஊருக்கு வந்துவிட்டது. வீட்டுக்கு ஏறக்குறைய நூறு வயது. ஆனால் பர்மாக் காட்டில் தானாக முளைத்த தேக்கு அந்தப் பருமனுக்கு வர, இன்னொரு நூறு ஆண்டாவது ஆகியிருக்கும். மழையும் வெயிலுமாக ஒரு காடு நூறு ஆண்டு உழைத்ததை நாம் ஒரு நாளில் விலைபேசி முடிக்கிறோம்.

அந்தத் தூண் வந்த வழியும் நீண்டது. பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கும். அதனால் நிற்கும் மரத்தின் அடியைச் சுற்றி, பட்டையையும் அதை அடுத்த வெளிமரமான வெளிறையும், நடுமரமான வைரம் வரை வெட்டி வளையம் போடுவார்கள். மரம் நின்றபடியே இரண்டு மூன்று ஆண்டு காயும். பிறகு சாய்த்து, யானைகளால் ஓடைக்கு இழுத்து, மழைக்காலப் பெருக்குக்குக் காத்திருந்து, தெப்பமாகக் கட்டி ஐராவதியில் விடுவார்கள். ரங்கூன் வந்து சேரவே ஆண்டுகள் ஆகும். அங்கே வட்டித்தொழில் செய்த நகரத்தார் கப்பலேற்றிக் கொண்டுவந்த மரம்தான் செட்டிநாட்டு வீடுகளின் தூணும் உத்தரமும் ஆயிற்று.

அந்தக் காடுகளில் ஒருவர் கணக்கு எழுதினார். 1856இல் பெகு பகுதித் தேக்குக் காடுகளின் பொறுப்புக்கு வந்த ஜெர்மானியத் தாவரவியலாளர் டீட்ரிச் பிராண்டிஸ். யானை மீது காட்டைக் குறுக்கே கடந்து, வழியில் கண்ட தேக்குகளைப் பருமன் வாரியாக எண்ணினார். ஓர் ஆண்டில் எத்தனை மரங்கள் வெட்டும் பருமனுக்கு வளர்ந்து வருகின்றனவோ, அத்தனையே வெட்டலாம் என்பது அவர் வகுத்த முறை. அவர் வேலை செய்தது ஆங்கில அரசின் வருமானத்துக்காகத்தான். ஆனாலும் அந்தக் கணக்கில் ஒரு நியாயம் இருக்கிறது. வட்டிக்கு விட்டு வாழ்ந்தவர்களுக்கு அதை விளக்கவே வேண்டியதில்லை. நிற்கும் காடு முதல். ஆண்டு வளர்ச்சி வட்டி. வட்டியில் வீடு கட்டலாம். முதலில் கைவைத்தால் பேரப்பிள்ளைகளுக்கு ஒன்றும் மிஞ்சாது.

முதலில் கைவைத்துவிட்டார்கள். காடு மெலிந்த பிறகு, 2014 ஏப்ரலில் பழைய பர்மாவான மியான்மர் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தியது. 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும், தேக்குப் பணம் அதன் கைக்குப் போகிறதென்று அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் அந்நாட்டு அரசு மர நிறுவனத்தின் மீது தடை விதித்தன. இன்று நம் மரக்கடைகளில் கானா தேக்கு, நைஜீரியா தேக்கு, ஈக்வடார் தேக்கு என்று பெயர் சொல்கிறார்கள். நாம் கேட்பது இரண்டே கேள்வி: கன அடி என்ன விலை? வெளிறு எவ்வளவு இருக்கும்? எந்தக் காட்டில் வெட்டியது, யார் அனுமதித்தது, வெட்டிய இடத்தில் இன்று என்ன நிற்கிறது என்று கேட்பவரைக் காணோம். காட்டிலிருந்து கடை வரை மரத்தைத் தொடர்ந்து வரும் எஃப்எஸ்சி சான்று முறை 1993இல் உருவானது. அந்த முத்திரை மட்டுமே எல்லாவற்றுக்கும் காவல் ஆகிவிடாது. ஆனால் வாங்குபவர் கேட்டால்தான் விற்பவர் தாளைப் பத்திரப்படுத்துவார்.

மரமே வேண்டாம், கான்கிரீட்டும் இரும்பும் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன். சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது, எரியும் எரிபொருளிலிருந்து மட்டுமல்ல, கல்லிலிருந்தும் கரியமில வாயு கிளம்புகிறது. மரம் அதற்கு நேர்மாறு. காற்றிலிருந்து அந்த வாயுவை எடுத்தே தன் உடம்பைக் கட்டுகிறது. உலர்ந்த மரத்தின் எடையில் பாதி கரி. ஒரு கன அடித் தேக்கு ஏறக்குறைய 18 கிலோ இருக்கும். சுமார் 30 கிலோ கரியமில வாயுவிலிருந்து வந்த கரி அதற்குள் அடைபட்டிருக்கிறது. உத்தரம் நிற்கும் வரை அது உள்ளேயே இருக்கும். உத்தரம் விறகானால் மறுபடி காற்றுக்குப் போய்விடும். ஆக, மரத்தில் கட்டுவது நல்லதா கெட்டதா என்பதற்கான விடை, அந்த மரம் எத்தனை காலம் நிற்கப்போகிறது என்பதில் இருக்கிறது.

நம் தச்சர்களுக்கு இது தெரிந்திருந்தது. நன்றாகக் காயாத மரத்தில் அவர்கள் உளி வைப்பதில்லை. தூணின் அடி ஈரம் குடிக்காதபடி கல்லின் மேல் நிறுத்தினார்கள். மழைச் சாரல் சுவரைத் தொடாதபடி தாழ்வாரத்தை நீட்டினார்கள். கழுந்தும் துளையுமாகப் பொருத்தி மர ஆணி அடித்தார்கள். அதனால்தான் வீடு இடிந்த பின்னும் தூண் முழுசாகக் கழன்று வந்தது. எல்லாவற்றுக்கும் தேக்கைத் தேடவும் இல்லை. உள்ளே வைரம் உள்ளது மரம், வெளியே வைரம் உள்ளது புல் என்று பிரிக்கிறது தொல்காப்பிய மரபியல். அந்தக் கணக்கில் பனை ஒரு புல். அந்தப் புல்தான் நம் ஓட்டு வீடுகளின் கூரையைத் தலைமுறைகளாகத் தாங்கியது. பலா ஆண்டுக்கணக்கில் பழம் கொடுத்து ஓய்ந்தபின் கதவானது. எந்த இடத்துக்கு எந்த மரம் போதும் என்று அறிவதே காட்டுக்குச் செய்யும் முதல் மரியாதை.

அன்று அந்தக் கடையிலேயே ஒரு பழைய நிலையை வாங்கினேன். ஆசாரி அதன் மேல்புறத்தை இழைப்புளியால் லேசாகச் சீவினார். நூறாண்டு அழுக்குக்கு அடியிலிருந்து பொன்னிற மரம் வெளிப்பட்டது; தேக்கின் எண்ணெய் வாசம் பட்டறை முழுக்கப் பரவியது. நிலை வைக்கும் நாளில் மஞ்சள் பூசிக் குங்குமம் இட்டு எல்லோரும் வணங்கினோம். எதற்காக வணங்குகிறோம் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

மரத்துக்கு நாம் கொடுக்கும் பணம் வெட்டுக்கூலிக்கும் வண்டிவாடகைக்கும் கடைக்காரருக்கும் போய்ச் சேர்கிறது. காட்டுக்கு அதில் ஒரு காசும் போவதில்லை. காடு கொடுத்தது காலம். காலத்தால் வாங்கிய கடனைக் காலத்தால் மட்டுமே அடைக்க முடியும். மரம் வளர்ந்த அளவுக்காவது வீட்டில் அதை வாழவைக்க வேண்டும். அதற்குள் இன்னொரு மரம் அந்த அளவுக்கு வளர்ந்திருக்க வேண்டும்.

நிலம்பூரில் 1840களில் தேக்குத் தோட்டம் போட ஏற்பாடு செய்த மலபார் கலெக்டர் கானொலி 1855இல் இறந்துவிட்டார். அவர் காலத்து மரங்கள் சில இன்னும் அங்கே நிற்கின்றன. அவருக்குக் கிடைத்தது இளமரங்களின் காட்சி மட்டுமே. நானும் தோட்டத்து மூலையில் ஒரு பலாக் கன்று வைத்திருக்கிறேன். அதன் வைரத்தை நான் பார்க்கப்போவதில்லை.

என்றாவது என் வீடும் இடியும். அன்று அந்த நிலையை யாரோ முழுசாகக் கழற்றி எடுக்க வேண்டும். வாங்க வந்தவர் வயதைக் கேட்க, விற்பவர் மறுபடி அதே கேள்வியைக் கேட்க வேண்டும்: வீட்டுக்கா, மரத்துக்கா?