அவனிடமே கேளுங்கள்



தபசுகாலத்தின் நாலாம் ஞாயிறாகிய இன்று நீங்கள் ஆலயத்தில் கேட்ட சுவிசேஷம், அர்ச். அருளப்பர் எழுதிய ஒன்பதாம் அதிகாரம். பிறவியிலேயே பார்வையற்றிருந்த ஒருவனை ஆண்டவர் குணப்படுத்திய வரலாறு அது. பிரசங்கத்தில் நேரம் போதாமல் விட்டுப்போன சில காரியங்களை இங்கே எழுதுகிறேன். இரவு செபமாலைக்குப் பின் குடும்பமாக அமர்ந்து ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டால் நல்லது.

அந்த மனிதனைக் கண்டவுடன் சீடர்கள் ஆண்டவரிடம் கேட்டது என்ன? இவன் இப்படிப் பிறந்தது தன் பாவத்தாலா, பெற்றோரின் பாவத்தாலா என்று கேட்டார்கள். இரண்டும் அல்ல என்று ஆண்டவர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். ஆகவே ஒரு வீட்டில் பார்வை குறைந்த குழந்தை பிறந்தால், "யார் செய்த பாவமோ, யார் விட்ட சாபமோ" என்று பேசுகிறவன் ஆண்டவர் சொன்னதற்கு விரோதமாகப் பேசுகிறான். இந்தப் பேச்சு நம் பங்கின் எந்தத் திண்ணையிலும் இனிக் கேட்கலாகாது.

அடுத்ததைக் கவனியுங்கள். ஆண்டவர் அவன் கண்களில் சேற்றைப் பூசி, சீலோவே குளத்துக்குப் போய்க் கழுவும்படி சொன்னார். அவன் போனான். யாராவது கைப்பிடித்துக் கூட்டிப்போனதாகச் சுவிசேஷகர் எழுதவில்லை. குளத்துக்கு நடந்த அந்த வழியெல்லாம் அவன் இன்னும் பார்வையற்றவனாகவே இருந்தான் என்பதை மறக்கவேண்டாம். பார்வை கொடுக்குமுன்பே ஆண்டவர் அவனை நம்பி ஒரு வேலை கொடுத்தார். அவனும் அதைச் செய்து முடித்தான்.

அவன் திரும்பி வந்தபோது அக்கம்பக்கத்தார் திகைத்தார்கள். உட்கார்ந்து பிச்சை கேட்டவன் இவன்தானா என்று ஒருவர், இல்லை, இவன் அவனைப்போல் வேறொருவன் என்று இன்னொருவர். பாருங்கள், இத்தனை வருஷம் பக்கத்திலே இருந்தும் அவன் முகம் அவர்களுக்குத் தெரியவில்லை. நீட்டிய கையைத்தான் தெரிந்திருந்தது. அவன் எழுந்து நின்றதும் ஆள் அடையாளம் தவறிவிட்டது!

கடைசியில் பரிசேயர் அவன் பெற்றோரை அழைத்து விசாரித்தார்கள். செபக்கூடத்திலிருந்து தள்ளிவிடுவார்களோ என்று பயந்த பெற்றோர், அவன் வயது வந்தவன், அவனிடமே கேளுங்கள் என்ற பொருளில் பதில் சொன்னார்கள். பயத்தால் சொன்ன பதில்தான். ஆனாலும் அது நியாயமான பதில். அவனிடம் கேட்டபோது அவன் பரிசேயருக்கு முன் எவ்வளவு தைரியமாகவும் புத்தியாகவும் பேசினான் என்பதை நீங்களே கேட்டீர்கள்.

இந்த இடத்தில் என் குற்றம் ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொள்ளவேண்டும். முன்பு நான் இருந்த ஒரு பங்கில் வீடு மந்திரிக்கப் போயிருந்தேன். ஒரு வீட்டில் பார்வையற்ற பெண் ஒருத்தி, வயது இருபத்துநாலு, சுவரோரம் நாற்காலியில் அமர்ந்திருந்தாள். அவள் தாய் காபி கொண்டு வந்தபோது நான், "பாப்பாவுக்குச் சீனி போடுவீர்களா?" என்று தாயிடம் கேட்டேன். உடனே அந்தப் பெண், "சாமி, எனக்கு அரைக் கரண்டி போதும்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கோ முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த பெண்ணுக்கு எவ்வளவு சீனி வேண்டும் என்பதை நான் அவள் தாயிடம் விசாரித்திருக்கிறேன்!

அதற்குப் பிறகுதான் அவளிடமே பேசினேன். "கம்ப்யூட்டர் பயிற்சிக்குப் போகணும் சாமி. அம்மா விடமாட்டேன் என்கிறார்கள்" என்றாள். தாய் கண் கலங்கி, "நான் உயிரோடு இருக்கிற மட்டும் இவள் எதற்கு வெளியே போய்க் கஷ்டப்படவேண்டும், சாமி?" என்றார்கள். அதற்கு அந்தப் பெண், "நீங்கள் இல்லாமல் போகிற அன்றைக்கு நான் என்னம்மா செய்வேன்?" என்று கேட்டாள். அந்தத் தாயும் பதில் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தத் தாயிடம் சிநேகம் குறைவு என்று யார் சொல்ல முடியும்? மகளுக்குத் தலை வாரி, சோறு பிசைந்து, துணி துவைத்து, இருபத்துநாலு வருஷம் ஓயாமல் உழைத்தவர்கள் அவர்கள். ஆனால் பிள்ளைக்கு எல்லாவற்றையும் நாமே செய்துகொண்டே போனால், பிள்ளை ஒன்றும் செய்யத் தெரியாமல் நிற்கும் ஒரு நாளை நாமே தயார் செய்கிறோம்.

எட்டு மாதம் கழித்து அவளை அனுப்பினார்கள். முதல் மாதத்திலேயே சாலையோரச் சாக்கடையில் விழுந்து முழங்கால் பெயர்ந்தது. தாய் திரும்ப அழைத்து வரப் புறப்பட்டுவிட்டார்கள். மகள் வர மறுத்தாள். இன்று அவள் ஓர் அலுவலகத்தில் டெலிபோனில் பதில் சொல்லும் வேலையில் இருக்கிறாள். தோழிகள் இருவரோடு தங்கித் தானே சமைத்துச் சாப்பிடுகிறாள். தாய் இன்னும் ஒவ்வொரு இரவும் அழுகிறார்கள் என்று கேள்வி. ஆனால் மாதம் பிறந்தால் அவள் அனுப்பும் பணத்தில்தான் அந்த வீட்டு மின்சாரக் கட்டணம் கட்டப்படுகிறது.

கிறிஸ்தவர்களே, பிச்சைத் தட்டுக்கும் உழைப்பின் கூலிக்கும் உள்ள தூரத்தை ஒரு மனிதர் கடந்து காட்டியது ஒரு கோவில் வாசலில்தான். 1784ஆம் ஆண்டில் பாரீஸ் நகரத்தின் ஓர் ஆலய வாசலில் பிரான்சுவா லெசுயேர் என்ற பார்வையற்ற இளைஞன் பிச்சை எடுத்துக்கொண்டிருந்தான். வலந்தேன் ஆயுயி என்பவர் அவனைக் கண்டார். பலரையும்போல் காசு போட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவரோ, பிச்சையில் கிடைக்கும் பணத்தை நான் தருகிறேன், நீ என்னிடம் வந்து எழுத்துப் படி என்றார். மேடாக அழுத்திய எழுத்துக்களை விரலால் தடவி அவன் வாசிக்கக் கற்றான். பார்வையற்றோருக்கென்று அவர் பாரீஸில் நடத்திய பள்ளி அப்படித் தொடங்கியது.

அந்தப் பள்ளிக்கு 1819இல் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் வந்து சேர்ந்தான். அவன்தான் லூயி பிரெயில். 1809இல் கூப்வ்ரே என்ற கிராமத்தில் குதிரைச் சேணம் தைப்பவரின் மகனாகப் பிறந்தவன். மூன்று வயதில் தகப்பனாரின் பட்டறையில் விளையாடும்போது ஊசி போன்ற கருவி ஒரு கண்ணில் குத்தியது. புண் மற்றக் கண்ணுக்கும் பரவி, ஐந்து வயதுக்குள் இரண்டு கண்களும் போயின. அந்தத் தகப்பனார் பிள்ளையை மூலையில் உட்கார வைக்கவில்லை. அவ்வூர்ப் பங்குசுவாமியார் அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளோடு அவனும் படித்தான். பதினைந்து வயதில், ஆறு புள்ளிகளைக் கொண்டு விரலால் வாசிக்கும் எழுத்து முறையை அவன் உருவாக்கினான். அதை 1829இல் அச்சிட்டு வெளியிட்டான். பிறகு அதே பள்ளியில் ஆசிரியராக உழைத்தார். பாரீஸ் ஆலயங்களில் ஆர்கன் வாசித்துச் சம்பளமும் பெற்றார். 1852இல் இறந்தார். அந்த ஆறு புள்ளிகளில் இன்று தமிழையும் வாசிக்கிறார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மாள் என்ற ஆங்கிலிக்கன் மிஷனரி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய பள்ளியைத் தென்னாட்டில் பலர் அறிவார்கள். நம் கத்தோலிக்க நிறுவனங்களும் பின்வாங்கவில்லை. சென்னையைச் சேர்ந்த பெனோ செபைன் பிறவியிலேயே பார்வையற்றவர். சென்னை லிட்டில் பிளவர் கான்வென்டிலும், ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியிலும், லயோலா கல்லூரியிலும் படித்தார். பாரத ஸ்டேட் வங்கியில் அதிகாரியாக வேலை பார்த்தார். 2015இல் இந்திய வெளியுறவுப் பணிக்கு எடுக்கப்பட்டார். முற்றிலும் பார்வையற்றவர் ஒருவர் அந்தப் பணிக்கு வந்தது அதுவே முதல் தடவை. அவர் பெற்றோர் அவருக்குப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் சத்தமாக வாசித்துக் காட்டி வந்தார்கள். பிள்ளைக்கு அவர்கள் செய்த உதவி எத்தகையது என்பதைப் பாருங்கள்.

எல்லாரும் வெளியுறவு அதிகாரி ஆக வேண்டியதில்லை. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பாடம் நடத்தும் பார்வையற்ற ஆசிரியர்கள் நம் மாநிலத்தில் அநேகர். வங்கியிலும், நீதிமன்றத்திலும், கடையிலும் உழைப்பவர்கள் உண்டு. நாற்காலி பின்னுவதும் மெழுகுதிரி செய்வதும் மட்டுமே அவர்களுக்கு ஏற்ற வேலை என்று எண்ணிய காலம் போய்விட்டது. அந்த வேலைகளும் கௌரவமானவைதான். ஆனால் எதைச் செய்வது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுடையது.

வழிகளும் இப்போது உண்டு. கம்ப்யூட்டரில் எழுதியிருப்பதை வாய்விட்டு வாசிக்கும் என்.வி.டி.ஏ. என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதை 2006இல் தொடங்கியவரே பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர். கைப்பேசியிலும் இத்தகைய வசதி ஏற்கெனவே உண்டு. ரூபாய் நோட்டைப் படம்பிடித்துக் காட்டினால் மதிப்பைச் சொல்லும் "மணி" என்ற செயலியை ரிசர்வ் வங்கி 2020இல் வெளியிட்டது. பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அரசு வேலைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கவேண்டியது நூற்றுக்கு 4. அதில் 1 பார்வையற்றவர்களுக்கும் குறைந்த பார்வை உள்ளவர்களுக்கும் உரியது. இதைப் பெற 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் என்ற மருத்துவச் சான்றிதழ் வேண்டும். பரீட்சையில் தனக்காக எழுத ஒருவரை வைத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. சான்றிதழ் வாங்காமல் இருக்கும் குடும்பம் இருந்தால், "கல்யாணச் சந்தையில் பேர் கெட்டுவிடும்" என்று ஒளிக்காமல் என்னிடம் வாருங்கள். விண்ணப்பம் எழுத நானே உதவுகிறேன்.

குறைந்த பார்வை உள்ளவர்களைப்பற்றித் தனியாக ஒரு வார்த்தை. இவர்கள் முழுதும் பார்வையற்றவர்கள் அல்ல. கண்ணாடி போட்டும் சரியாகாத மங்கல் பார்வை இவர்களுக்கு. பகலில் நடப்பார்கள், அந்தி சாய்ந்தால் தடுமாறுவார்கள். முகம் தெரியும், பஸ்ஸின் பலகை தெரியாது. இதைக் கண்டு, "வேஷம் போடுகிறான்" என்று சொல்கிறவர்கள் நம்மிடையே உண்டு. அது அநியாயத் தீர்ப்பு. வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு அவர்களுக்குத் தெரியாது, நிறமுள்ள தட்டில் தெரியும். படிக்கட்டின் ஓரத்தில் மஞ்சள் கோடு ஒன்று இழுத்தால் விழாமல் இறங்குவார்கள். நம் ஆலயப் படிகளுக்கு அந்தக் கோட்டை வருகிற சனிக்கிழமை இளைஞர் சபையார் இழுப்பார்கள். முன்பே செய்திருக்கவேண்டியது.

இனி ஒவ்வொருவரும் ஆத்தும சோதனை செய்துகொள்வோம்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைக்கு அடுப்புப் பற்றவைக்கவும், காசு எண்ணவும், கடைக்குப் போய்வரவும் கற்றுக் கொடுத்தீர்களா? வெள்ளைக் கோலை வெட்கம் என்று மூலையில் வைத்திருக்கிறீர்களா? அது அவர்களுக்கு வழிகாட்டும் கருவி. பாதையில் இருக்கும் கல்லையும் பள்ளத்தையும் முன்னதாகச் சொல்லிவிடும்.

கடையும் தொழிலும் வைத்திருப்பவர்களே, பார்வையற்ற ஒருவர் வேலை கேட்டு வந்தால் பத்து ரூபாயைக் கொடுத்து அனுப்பிவிட்டு அதைத் தர்மக் கணக்கில் எழுதுகிறீர்களா? என்ன செய்யத் தெரியும் என்று ஒரு கேள்வி கேட்டீர்களா? ஒரு மாதம் வேலை கொடுத்துப் பார்க்க உங்களால் முடியாதா? சம்பளத்தைப் பாதியாக்கி அதைக் கருணை என்று சொல்வது பாவம்.

மற்றவர்களே, சாலையில் உதவி செய்யுமுன் கேளுங்கள். கையைப் பிடித்து இழுக்காமல் உங்கள் முழங்கையை அவர்கள் பிடிக்கக் கொடுங்கள். நீங்கள் யார் என்று பெயர் சொல்லிப் பேசுங்கள். போகும்போது போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். கூட இருப்பவரிடம் பேசாமல் அவர்களிடமே பேசுங்கள். நான் செய்த தவறை நீங்கள் செய்யவேண்டாம்.

பிச்சை கொடுக்கவேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பசித்தவனுக்கு இன்று சோறு வேண்டும், வேலை கிடைக்கும்வரை காத்திருக்கச் சொல்ல முடியாது. ஆனால் அதே மனிதன் அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் அதே வாசலில் உட்கார்ந்திருந்தால், ஆலயத்துக்குள் இருக்கும் நம்மிடம் ஆண்டவர் கணக்குக் கேட்பார்.

சேசுநாதர் செய்த புதுமையை நம்மால் செய்ய முடியாது. ஆனால் புதுமைக்கு முன் அவர் செய்ததைச் செய்யலாம். அவனை நம்பினார், அவனிடம் பேசினார், அவனுக்கு ஒரு வேலை கொடுத்தார். இந்த வாரத்தில் உங்கள் தெருவில் இருக்கும் பார்வையற்ற ஒருவரிடம் போய், அவருக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். பதிலை எனக்கு வந்து சொல்லுங்கள்.

தேவமாதாவின் மன்றாட்டினால் ஆண்டவர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

இப்படிக்கு,
சேசுநாதரில் உங்கள் ஊழியன்,
பங்குசுவாமியார்