குறுக்குக் கம்பி சொல்லும் பாடம்

போட்டியில் தோற்று வீடு திரும்பும் பிள்ளையிடம் என்ன சொல்வீர்கள்? 'அடுத்த முறை ஜெயித்துவிடலாம்' என்றுதானே? அப்போதும் ஜெயிக்காவிட்டால்..?

உயரம் தாண்டுதல் போட்டியைக் கவனித்திருக்கிறீர்களா? தொடர்ந்து மூன்று முறை தவறினால் வெளியேற வேண்டும். மற்றவர்கள் வெளியேறிய பிறகும், முதலிடம் பெற்றவர் கம்பியை உயர்த்திக்கொண்டே போகலாம். ஆகவே, தங்கம் வென்றவரின் கடைசித் தாவலும் பெரும்பாலும் தவறிய தாவல்தான்! அன்றைய எல்லை அது, அவ்வளவே.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதில் பேருந்து மோதி வலது காலை இழக்காமல் இழந்தவர். 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். 2021-ல் டோக்கியோவில் 1.86 மீட்டர், வெள்ளி. 2024-ல் பாரிஸில் 1.85 மீட்டர், வெண்கலம். பதக்கத்தின் நிறத்தை மட்டும் பார்த்தால் இறங்குமுகம்தான். ஆனால், 21 வயதில் உச்சியைத் தொட்டவர், எட்டு ஆண்டுகள் கழித்தும் அதே கம்பியின் முன் வந்து நின்றாரே! அந்த மனதை எந்தப் பதக்கத்தால் அளப்பது?

ஜெயிக்க ஆசைப்படுவது தவறே இல்லை. அந்த ஆசைதான் விடியற்காலையில் மைதானத்துக்கு எழுப்பி அனுப்புகிறது. ஆனால், பயிற்சி மட்டுமே நம் கையில். எதிராளியின் திறமை நம் கையில் இல்லை.

எனவே, தோற்று வரும் பிள்ளைக்கு வெற்றியை வாக்குறுதியாகத் தராதீர்கள். வயிறாரச் சோறு போடுங்கள். பிறகு, 'நாளைக்கு எத்தனை மணிக்குப் பயிற்சி?' என்று மட்டும் கேளுங்கள்.